மருந்துத் தராசு

எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். குசினி மேசையில் நான் டிஜிட்டல் தராசு திருத்திக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் எலக்ட்ரோனிக் போர்டுகளுக்கு ஈயம் ஊதிப் பழகிய கை. தமிழ்க் கடைகளின் மீன் தராசு, மரக்கறித் தராசு, நகைக்காரரின் சின்னத் தராசு எல்லாம் என்னிடம்தான் வரும். என்னுடைய மனுசன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, போரை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு நாளும் வெள்ளைக்காரரின் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய்ச் சனத்தோடு சனமாக நின்றார். நான் போகவில்லை. போனுக்குக் காவல் இருந்தேன்.

தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் அகப்பட்டிருந்தாள். கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அங்கே யாரிடமோ ஒரு சாட்டிலைட் போன் இருந்தது. சனம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசும். எப்போது வரும் என்று தெரியாது, நாங்கள் திருப்பி எடுக்கவும் வழியில்லை. கடைசியாக அவள் பேசியபோது சின்னவனுக்குக் காலில் காயம், மருந்து இல்லை என்றாள். மருந்தில்லாமல் என்ன செய்யலாம் என்று ஒரு டொக்டரிடம் கேட்டு வை, திரும்ப எடுக்கிறேன் என்றாள்.

கேட்டு வைத்தேன். தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது, எவ்வளவு உப்பு, புண்ணை எப்படிக் கழுவுவது, எந்த நிறம் வந்தால் பயப்பட வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க ஏலுமா என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பலமுறை வாசித்தேன். அந்த யன்னலோரம் மட்டும்தான் எங்கள் வீட்டில் சிக்னல் பிடிக்கும். ஆகவே போன் அதையொட்டிக் கிடந்த குசினி மேசையில், தராசுகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவேன்.

அப்படி ஒருநாள் எடுத்தபோது ஒரு மலேசியத் தமிழர் பேசினார்.

"அக்கா, மருந்து நிறுக்கிற தராசு ஒண்ணு வெச்சிருக்கேன். நம்பர் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. பாத்துக் குடுப்பீங்களா?"

மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. "உடன கொண்டு வாங்கோ தம்பி" என்றேன். பார்மசிக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பகல் வந்தார். நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேர்ட், காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம் என்பது பிறகுதான் தெரிந்தது. தராசு உள்ளங்கை அளவுதான். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு முதல் கேள்வியாக, "புண் சீழ் வைச்சால் என்ன குடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீங்கள் மருந்து நிறுக்கிற ஆள்தானே?"

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அது துப்பாக்கி மருந்துக்கா. கிளப்புல குறி பாத்துச் சுடுவோம். சுட்ட தோட்டாவோட வெத்துக் கூட்டுல நானே மறுபடி மருந்து போட்டுக்குவேன். லைசென்ஸ் எல்லாம் இருக்கு லா."

எனக்கு உச்சியில் ஏறியது. "அங்க எங்கட பிள்ளையளுக்குப் புண்ணில போட மருந்தில்லை. நீர் விளையாட்டுக்குச் சுட மருந்து நிறுக்கிறீரோ?" என்று கேட்டேன். தங்கச்சியைப் பற்றி, சின்னவனைப் பற்றி, யன்னலில் ஒட்டிய தாளைப் பற்றி எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டினேன். அவர் எழுந்து போய் அந்தத் தாளை முழுவதும் வாசித்தார். பிறகு, "மன்னிச்சிருங்கக்கா, நான் போறேன்" என்று தராசை எடுக்கக் கை நீட்டினார்.

"வையும். கொண்டு வந்தாச்சு, பாக்கிறன்" என்றேன். கோபம் வேறு, தொழில் வேறு.

அது கிரெயின் கணக்கில் காட்டும் தராசு. ஒரு கிராமைப் பதினைந்தாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு பங்குதான் ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்குவரை அவருக்குச் சரியாக வேண்டும். மருந்து கூடிவிட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும் என்றார். சோதனை எடைப்படியைத் தட்டில் வைத்தேன். இலக்கம் சற்று நின்றது, பிறகு தானாக ஏறியது, இறங்கியது. யன்னலைச் சாத்தினேன், காற்று இல்லை. டியூப் லைட்டை அணைத்தேன். பிரிஜ்ஜின் வயரைக் கழற்றினேன். ஆட்டம் பாதி குறைந்தது. அவருடைய போனை அணைக்கச் சொன்னேன், உடனே அணைத்தார். இன்னும் இடைக்கிடை துள்ளியது.

என்னுடைய போன்தான். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடி உரக்கக் கத்தும். நம் காதுக்குக் கேட்காது, இப்படிப்பட்ட நுணுக்கமான தராசுக்குக் கேட்கும். அதை அவருக்குச் சொன்னேன்.

"போர்டே போச்சுன்னு இன்னொரு ரிப்பேர்காரர் சொன்னாருக்கா" என்றார், பயந்து பயந்து.

அவர் வேறெதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். போர்டு நல்லாயிருக்கும்போது போச்சு என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்ப காட்டுறன் பாரும்" என்று போனைக் கையில் எடுத்தேன்.

"வேணாம்கா. உங்க தங்கச்சி எடுப்பாங்க. தராசு கிடக்கட்டும்."

"பத்து நிமிசத்தில ஒண்டும் ஆகாது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும்தான். அணைத்தேன்.

இலக்கம் அசையவில்லை. படியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே இலக்கம். "போர்டு போச்சாம்" என்று சிரித்தேன். பல கிழமைகளுக்குப் பிறகு சிரித்தேன். அந்தப் பத்து நிமிடமும் தங்கச்சியை நான் நினைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

போனைத் திரும்பப் போட்டதும் வொய்ஸ்மெயில் ஒன்று இருப்பதாகக் காட்டியது. ஸ்பீக்கரில் போட்டேன், தங்கச்சியின் குரல். அது முடிந்ததும் அந்தத் தம்பி தராசைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். பல காலம் மனதுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் போனை அணைக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு தங்கச்சி எடுக்கவேயில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. முகாம்களின் பெயர்ப் பட்டியல்களில் அவளும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வொய்ஸ்மெயிலைச் சேமித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, சில கிழமைகளில் அது தானாக அழிந்துபோனது. இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது.

நான் எப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவதால், போன் அணைந்திருந்தால் பதிவு செய்த ஒரு ஆங்கிலக் குரல் பேசும் என்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் போனை எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், "மிஸ், பிளீஸ், கோல் மை சிஸ்டர்" என்று மரியாதையாகக் கேட்கிறாள். பிறகு பேசாமல் நிற்கிறாள். காற்று இரைகிறது. பக்கத்தில் ஒரு பிள்ளை அனுங்குகிறது. வரிசையில் நிற்கும் ஒரு ஆண்குரல், "தங்கச்சி, கதைக்காட்டி போனை வையுங்கோ, ஆக்கள் நிக்கினம்" என்கிறது.

"இல்லை அண்ணை, லைனில ஆள் இருக்கினம். அக்காவைக் கூப்பிடப் போயிட்டினம். இப்ப வந்திடுவா."