ரோஸ் தக்காளிக்குக் காவல்

தக்காளி இலையைக் கசக்கினால் விரலில் ஏறுகிற வாடை எளிதில் போகாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் இறங்கிக்கொண்டே இருக்குமே தவிர, வாடை அப்படியே நிற்கும். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் மீன் வாடையும் நிலக்கரிப் புகையும் இருபத்து நாலு மணி நேரமும் கலந்து கிடந்தாலும், அந்த ஒரு வாடையை மட்டும் என் அம்மாவின் மூக்கு தனியே பிரித்தெடுத்துவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "கைய காட்டு" என்பாள். நீட்டினால் முகர்ந்து பார்த்து, சந்தேகம் தீராமல் மறு கையையும் வாங்கி முகர்ந்து பார்ப்பாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வரும் அப்பாவுக்கும் இந்தச் சோதனை உண்டு. பாவம், அவர் கையில் கிரீஸ் வாடையைத் தவிர வேறெதையும் அவள் கண்டுபிடித்ததில்லை.

இத்தனை காவலும் எங்கள் கொல்லையில் நின்ற ஏழெட்டுத் தக்காளிச் செடிகளுக்காக. யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த அந்தக் காலத்தில் தக்காளியே எல்லா வீட்டு அடுப்புக்கும் வந்துவிடவில்லை. "சீமைத் தக்காளி" என்று சொல்லி மூக்கைச் சுளிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எங்கள் செடியோ அதிலும் விசித்திரமானது. அதன் பழம் எவ்வளவு பழுத்தாலும் சிவக்காது, ரோஜாப்பூ நிறத்தில் நின்றுவிடும். காம்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும், அறுத்தால் விதை கொஞ்சமும் சதை நிறையவுமாக இருக்கும், புளிப்பு நாக்கைக் கடிக்காது. முதல் தடவை பார்த்தவர்கள் இது காயா, பழமா, விஷமா என்று கேட்டார்கள். தெருவில் அதற்கு "ரோஸ் தக்காளி" என்று பெயர்.

விதையைக் கொண்டுவந்தவர் லூர்து மாமா. அம்மாவின் ஒரே தம்பி, கப்பலில் சமையல்காரர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் காய்கறி விற்கும் கிழவியிடம் வாங்கியதாக ஒரு முறை சொன்னாராம், கப்பல் அதிகாரிகளின் சாப்பாட்டு மேஜையில் மிஞ்சிய பழத்திலிருந்து எடுத்ததாக மறுமுறை சொன்னாராம். இரண்டையுமே நான் நம்பவில்லை. சிகரெட் பெட்டிக் காகிதத்தில் மடித்து அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் போனவர், யுத்தத்தில் அந்தக் கப்பலோடு திரும்பி வரவே இல்லை. உடலும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. அவருக்கென்று இந்த உலகத்தில் உயிரோடு மிஞ்சியிருந்தது இந்தச் செடி ஒன்றுதான். அது அழிந்தால் தம்பி இரண்டாம் தடவை செத்ததாகிவிடும் என்பது அம்மாவின் எண்ணம். இது புரியாமல் அவளைக் கஞ்சப்பிசினாரி என்று சொன்னவர்கள் நிறைய.

ஏனென்றால் அவள் யாருக்கும் முழுப் பழம் கொடுக்கமாட்டாள். கேட்டு வந்தால் ரசமாகக் கொடுப்பாள், தொக்காகக் கொடுப்பாள், விதையை வழித்துப்போட்டு நறுக்கிக்கூடக் கொடுப்பாள். தவக்காலத்தில் பங்குச் சாமியாருக்கே சட்னியாகத்தான் போயிற்று. "சாமியாரு சாப்புடுவாரு, சரி. அந்தக் குசினிக்காரன் வெதைய எடுத்துகினு பூடுவான்" என்று காரணமும் சொன்னாள்.

விதை எடுப்பது பெரிய சடங்கு. இரண்டாவது கொத்தில் நல்லதாக மூன்று பழத்தைப் பார்த்து, பழைய சேலைக் கிழிசலால் காம்பில் முடிச்சுப் போடுவாள். அது "வெதப் பழம்". அதைத் தொட்டவன் கதி அதோகதி. அது செடியிலேயே கனிந்து தொளதொளத்த பிறகு பறித்து, ஒரு மண் சட்டியில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்று நாள் மூடிவைப்பாள். மேலே ஆடை கட்டி நாற்றம் எடுத்ததும் கலக்கிவிட்டு, மிதப்பதையெல்லாம் பதர் என்று தண்ணீரோடு சாய்த்துக் கொட்டுவாள். மறுபடி தண்ணீர், மறுபடி சாய்ப்பு. அடியில் தங்கியதுதான் விதை. அதைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, மருந்துச் சீசாவில் அடைத்து, அலமாரியில் மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைப்பாள். மாதாவுக்கும் ஒரு காவல் வேலை கொடுத்திருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

எனக்கும் காவல் வேலைதான். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் சிலுவை செய்து பாத்தி நடுவில் செருகியிருந்தாலும், அம்மாவுக்கு மனிதர்களைப் பற்றித்தான் பயம். குறிப்பாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பற்றி.

அந்தப் பக்கம் செல்லக்கனி அத்தையின் வீடு. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை போட்டவர்கள். அவர்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் மாதாவைக் கும்பிடாத வேதம். அம்மாவின் கணக்கில் அது முதல் சந்தேகம். அப்படியிருந்தும் அத்தை நல்லவள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் நுங்கும் தேடிக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான். மாமா திரும்பி வரமாட்டார் என்ற செய்தி வந்த வாரத்தில் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் மூன்று வேளையும் சோறு அனுப்பியவளும் அவள்தான். மதிலுக்கு மேலே தலையை நீட்டி இருவரும் பேச ஆரம்பித்தால் உலை பொங்கி வழியும். ஆனால் பேசி முடித்துத் திரும்பும்போது அம்மா என் காதருகே குனிந்து, "அவ இன்னாத்துக்குத் தெனம் நம்ம செவுத்தாண்டயே துணி காயப் போட்றா? பாத்துகினு இரு" என்பாள்.

ஒரு வருஷம் மூன்று விதைப் பழத்தில் ஒன்று காணாமல் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதை நான்தான் தின்றேன். ஒரு மத்தியானம், காவல் இருந்த அலுப்பில், சேலைக் கிழிசலை அவிழ்த்துப் போட்டுவிட்டு மதிலோரம் குந்தி, சாறு முழங்கை வரை வழியத் தின்று தீர்த்தேன். அப்புறம் கையில் மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவிக்கொண்டு, அணில் கொண்டுபோனது என்றேன். அம்மா நம்பினாளோ இல்லையோ, அணிலைத் திட்டினாள்.

அடுத்த வருஷம் தவக்காலத்தில்தான் அந்த வினை வந்தது. செல்லக்கனி அத்தையின் மகள் ராஜாத்தி, என் வயதுதான், எங்கள் வீட்டுக்கு அம்மானை ஆட வந்தாள். அம்மா பழக்க தோஷத்தில் அவள் கையையும் பிடித்து முகர்ந்துவிட்டாள். தக்காளி இலை வாடை.

"எங்க செடியத் தொட்டியா?"

"இல்லத்தே. எங்க வீட்டுச் செடியிலதான் காய் பறிச்சேன்" என்றாள் ராஜாத்தி, வெகு சாதாரணமாக.

அம்மா முக்காலி போட்டு ஏறி, மதிலுக்கு மறுபுறம் அடிவரை எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வாழை மரங்களின் அடியில், புதர் மாதிரி, எங்கள் செடிகளைவிடச் செழிப்பாக நாலு தக்காளிச் செடிகள். மடிப்பு மடிப்பாகப் பழங்கள், ரோஜா நிறத்தில். ராஜாத்தியை விட்டே ஒன்றைப் பறித்துக்கொண்டுவரச் சொல்லி, வெந்நீரில் போட்டுத் தோலை உரித்தாள். சிவப்புத் தக்காளியின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் தெரியும்; எங்கள் பழத்தின் தோலுக்கு நிறமே கிடையாது, கண்ணாடிக் காகிதம் போலிருக்கும். ரோஸ் தக்காளியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. இந்தத் தோலுக்கும் நிறமில்லை.

செல்லக்கனி அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, விஷயம் கேட்டதும் சிரித்தாள். "அது வாழைக்கு அடியில தானா மொளச்சு கெடந்துச்சுக்கா. ஒங்க தக்காளி மாதிரி இருக்கேன்னு நானே சொல்லணும்னு இருந்தேன்."

"தானா மொளைக்குமா? எங்கூட்டு வெத உங்கூட்டுல எப்பிடித் தானா மொளைக்கும்?" என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். "பிலோ, போன வருஷம் வெதப் பழம் ஒண்ணு பூட்சே, அத அணிலா எடுத்துச்சி? மெய்யச் சொல்டி."

தெருவே கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அணில் என்றே சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அம்மாவின் கண் என் வயிற்றுக்குள் போய் அந்தப் பழத்தைத் தேடுவதாக எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "இல்லம்மா. செல்லக்கனி அத்தைதான் கைய வுட்டு எடுத்தாங்க. நான் பாத்தேன்" என்றேன்.

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அத்தை என்னைத் திட்டவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "பிள்ள சொல்லிட்டா, நான் என்னத்தச் சொல்ல. ஆனா நான் களவாங்கலக்கா" என்றாள். ராஜாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முதல் மதிலுக்கு மேலே தலைகள் தெரியவில்லை.

அந்த ஈஸ்டர் முடிந்து மே மாதம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டு, கீழ்ப்படியாமை, பூசையில் பேச்சு, சர்க்கரை திருடியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். வெள்ளை கவுனும் மெழுகுத்திரியுமாக நான் கோயிலுக்குப் போனபோது, கடை வாசலில் நின்ற செல்லக்கனி அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அதைப்போல் என்னை அடித்தது வேறெதுவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மழை தப்பான நேரத்தில் வந்து எங்கள் பாத்தியில் நாலு நாள் தண்ணீர் நின்றது. செடிகள் பச்சையாக இருக்கும்போதே துவண்டு சாய்ந்தன. அலமாரிச் சீசாவில் இருந்த விதைகளும் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்திருந்தன. அம்மா அதைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டு, மாமா செய்தி வந்த அன்றைக்கு அழுததைப் போல அழுதாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு வடிந்துவிட்டது. அங்கே செடிகள் காய்த்துக்கொண்டிருந்தன. ஒரு காலையில் மதிலின் மேல், எங்கள் பக்க விளிம்பில், ஒரு முழு ரோஸ் தக்காளி உட்கார்ந்திருந்தது. காம்பில் ஒரு துணி முடிச்சு.

நான் தாவி எடுக்கப் போனேன். "தொடாதே" என்றாள் அம்மா. அத்தை அதில் மருந்து வைத்திருக்கிறாளோ, கேலி செய்கிறாளோ என்று அம்மா சந்தேகப்படுவதாகவே நினைத்தேன். மூன்று நாள் அந்தப் பழம் வெயிலில் கிடந்தது. நாலாம் நாள் காக்கை கொத்திக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த மாதம் அவர்கள் கடையை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டார்கள். புதிதாக வந்தவன் கொல்லை முழுவதும் கருங்கல் பாவி வண்டி நிறுத்தினான்.

இப்போது அந்தச் சந்தில் வீடுகளே இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நான் தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் தொட்டிகளில் தக்காளி வளர்க்கிறேன். "வழிவழியாக வந்த ரோஸ் நாட்டு விதை" என்று யார் விற்றாலும் வாங்கி, காய்த்ததும் ஒன்றை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்துப் பார்க்கிறேன். சிலதில் மஞ்சள் தெரிகிறது. தோல் நிறமில்லாமல் வந்தால் பழம் புளிக்கிறது, அல்லது மடிப்பு இல்லை. விற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் தாத்தா காலத்து விதை என்றுதான் சொல்கிறார்கள். நான் யாரையும் நம்புவதில்லை.

அம்மா சாவதற்கு முந்தைய வருஷம், இப்படி ஒரு பழத்தைக் காட்டி, "இது நம்ம பழம் மாதிரி கீதா பாரு" என்றேன். அவள் பார்க்கவில்லை. "கனி ஒண்ணும் திருடல" என்றாள்.

நான் பழத்தைக் கீழே வைத்தேன்.

"வெதத் தண்ணிய நான்தான தோய்க்கிற கல்லாண்ட ஊத்துவேன்? அது செவுத்துக்குக் கீழ பூந்து அவ வாழைக்குத்தான் போவும். மறு வருஷம் ஊத்துறப்ப எட்டிப் பாத்தேன். நான் பதருன்னு ஊத்துனதெல்லாம் அங்க மொளைச்சுக் கெடந்துச்சி."

"அப்பவே தெரியுமா? அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீ மாதா மேல சத்தியம் பண்ணிட்டியே. நான் போய் அவ எடுக்கலன்னு சொன்னா, தெருவுல உன்ன இன்னான்னு பேசுவாங்க? புதுநன்ம வாங்குன பொண்ணுடி நீ." பிறகு, "செவுத்து மேல வெச்ச அந்தப் பழத்த எடுத்தாலும் அவளாண்ட போய்ச் சொல்லணும். எனக்கு வாய் வரல" என்றாள்.

தம்பியின் செடியையும் மதிலுக்கு மேல் பேசிய ஒரே தோழியையும் அவள் எனக்காக விட்டுவிட்டாள் என்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அன்று முழுவதும் அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசினோம். செல்லக்கனி அத்தையின் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் எங்கள் இருவருக்குமே நன்றாக நினைவிருந்தன. ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று இருவருமே சொன்னோம், ஆனால் எழுதவில்லை.