அவுட் ஆனவர்கள் என்ன செய்வது?

இந்த ஊரில் விளையாட்டுப் பீரியட் வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்கிற காரியம், ஷூவைக் கழற்றி வீசுவது. நியூசிலாந்தின் இந்தச் சிறிய பள்ளியில் நான் சேர்ந்த முதல் நாள், வகுப்பறை வாசலில் இருபத்திரண்டு ஜோடி ஷூக்கள் தாறுமாறாகக் கிடந்தன. நல்ல தோல், நல்ல தையல், விலை கூடின சரக்கு என்று என் ஆம்பூர்க் கண் உடனே மதிப்புப் போட்டுவிட்டது. பிள்ளைகளோ ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதி, எல்லாரும் போய் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு பையன் என் காலையே பார்த்துவிட்டு, உங்களுக்குக் கால் வலிக்கிறதா மிஸ், நீங்களும் கழற்றிவிடலாம், ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னான்.

ஆம்பூரில் பதினேழு வருடம் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள் நான். வெள்ளை கான்வாஸ் போடாமல் வந்த பிள்ளையை வரிசைக்கு வெளியே நிறுத்திவைப்பேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர்கள். அவர்கள் தைத்ததெல்லாம் கப்பலேறி இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கே ஷூ இல்லையென்று தண்டனை கொடுத்தவள், இங்கே ஷூ இருந்தும் வேண்டாமென்று ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் விசிலோடு ஓடினேன்.

என் கணவர் சுந்தர் தோல் டெக்னீஷியன். இங்கே ஆட்டுத்தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை கிடைத்து வந்தோம். அவருக்கு நாடு மாறியும் நாற்றம் மாறவில்லை. முதல் நாளே வீட்டுக்கு வந்து, அதே வாசனை விமலா, கண்ண மூடினா ஆம்பூர்தான் என்று சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வருடம் சூப்பர்மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட் அடுக்கினேன். கழுத்தில் விசில் இல்லாமல் நடப்பது எனக்கு ஏதோ மறந்துவிட்டு வெளியே வந்த மாதிரியே இருந்தது. அதனால் இந்தப் பள்ளியில் ஒரு டெர்முக்கு மட்டும், பிடித்தால் நிரந்தரம் என்று ஒரு வேலை வந்தபோது விழுந்தடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். இந்த வேலை எனக்குக் கண்டிப்பாக வேண்டும்.

அந்த வேலைக்கு இரண்டாவது வாரமே நானே உலை வைத்தேன். வகுப்பறைக்குள் நுழைந்து, ஊர்ப் பழக்கத்தில், கையைத் தட்டி 'டிரில்' என்று உரக்கச் சொன்னேன். நம் ஊரில் டிரில் பீரியட் என்றால் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடும். இங்கே இருபத்திரண்டு பிள்ளைகளும் சட்டென்று மேசைக்கடியில் புகுந்து, தலையைக் கவிழ்த்து, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குனிந்து, வெளியே வாங்க, டிரில், டிரில் என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அவர்கள் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நிலநடுக்கம் வரும் நாடு இது. இங்கே அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியை என் குரலைக் கேட்டு மணியை அடித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மொத்தப் பள்ளியும், சமையல்கார அம்மா உட்பட, புல்வெளியில் வரிசையாக நின்றது.

தலைமை ஆசிரியை ஹெலன் விழுந்து விழுந்து சிரித்தார். (தலைமை ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு இன்னும் நாக்கில் வராத விஷயம்.) சிரித்து முடித்துவிட்டு, ஆறாவது வாரம் உன் வகுப்பை உட்கார்ந்து பார்க்கிறேன், அதன் பிறகு முடிவு செய்வோம் என்றார். மறுநாள் என் விளையாட்டுப் பீரியடைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகும்போது ஒன்று கேட்டார்: "ஆட்டமெல்லாம் நன்றாக இருக்கிறது, விமலா. ஆனால் இதில் பிள்ளைகள் எங்கே?"

நான் எண்ணிப் பார்த்து, "இருபத்தொரு பேர் இங்கே இருக்கிறார்கள், ஒருத்தி டாய்லெட்டில்" என்றேன். தலையை எண்ணச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது என்னவென்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. விளையாட்டு ஆசிரியர் படிப்பான பி.பி.எட். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி அது. செயல்மைய முறைக்கும் குழந்தைமைய முறைக்கும் உள்ள வேறுபாடு. ஒன்றில் ஆட்டம் முதலில், பிள்ளை அதற்குள் பொருந்த வேண்டும். மற்றதில் பிள்ளை முதலில், அதற்குத் தக்கபடி ஆட்டம் வளையும். பத்துக்குப் பத்து வாங்கினேன். வாங்கியதோடு சரி, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அறுபது பிள்ளைகளும் ஒரு பந்தும் உள்ள மைதானத்தில் எதை வளைப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

சுகாதாரப் பாடமும் அப்படித்தான். ஆம்பூரில் திங்கட்கிழமைதோறும் அடிஸ்கேலோடு நின்று, கையை நீட்டு என்றால் பிள்ளைகள் பயந்துகொண்டே நகத்தைக் காட்டும். இங்கேயும் என் கையை நீட்டிக்காட்டி, கை நீட்டச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து என் உள்ளங்கையில் பளாரென்று தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனது. இருபத்திரண்டு தட்டு வாங்கியும் ஒரு நகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

டாய்லெட்டில் இருந்தவள் பெயர் அரோஹா. ஏழு வயது. மற்ற நேரமெல்லாம் வாய் மூடாத பெண், விளையாட்டுப் பீரியட் என்றால் மட்டும் காணாமல் போய்விடுவாள். அவளைத் தேடிப்போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஆம்பூர்ப் பள்ளியின் புங்கமரம் நினைவுக்கு வரும். அதன் அடியில் உட்கார்ந்திருந்த பர்வீனும் வருவாள். நொண்டி ஆட்டத்தில் முதலில் அவுட் ஆவது எப்போதும் பர்வீன்தான். ஒருநாள் என்னிடம் வந்து, "மிஸ், அவுட் ஆனவங்க இன்னா பண்றது?" என்று கேட்டாள். "போய் உக்காரு" என்றேன். ஐந்து வருடம் அந்தப் பெண் உட்கார்ந்தே பி.டி. படித்தாள். நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது.

ஆறாவது வாரம் ஹெலன் ஒரு நோட்டோடு வந்து புல்லில் உட்கார்ந்தார். வரும் வழியில் டாய்லெட் வாசலில் நின்று யாரிடமோ பேசியதால், அரோஹாவுக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. நான் துணிந்து நொண்டியைத்தான் எடுத்தேன். கட்டத்துக்குள் ஒருத்தி ஒற்றைக் காலில் நொண்டி மற்றவர்களைத் தொட வேண்டும், தொடப்பட்டவர் அவுட். முதல் நிமிடத்திலேயே அரோஹா தொடப்பட்டாள். 'போய் உட்கார்' என்பது என் வாய் வரை வந்துவிட்டது. அவள் நகரவில்லை. நொண்டி நொண்டிக் களைத்துப் போயிருந்த தோழியைக் காட்டி, "நான் அவளுக்கு இன்னொரு காலாக இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

விதியில் அது இல்லை. பதினேழு வருடத்தில் ஒருநாளும் நான் விதியை மாற்றியதில்லை. ஹெலனின் பேனா நின்றிருந்தது. சரி, இரு என்றேன். அரோஹா தோள் கொடுத்தாள். அடுத்து அவுட் ஆனவன் மறுபக்கம் தோள் கொடுத்தான். கடைசியில் பதினைந்து பிள்ளைகள் கோர்த்துக்கொண்டு ஒரே கூட்டமாக நொண்டி, மிச்சமிருந்தவர்களைத் துரத்தினார்கள். ஒரு பிள்ளைகூட உட்காரவில்லை. ஹெலன் நோட்டை மூடிவிட்டு வந்து, வேலை உனக்குத்தான் என்றார். இந்தக் குழந்தைமைய முறையை எங்கே கற்றாய் என்று கேட்டார். ஆம்பூர் என்றேன். படித்தது அங்கேதான், செய்யாததும் அங்கேதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று கடைசிப் பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. பள்ளி கேட் அருகே உட்கார்ந்து பர்வீனை ஃபோனில் அழைத்தேன். அவள் இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வருடம் தவறாமல் பெருநாளுக்குப் படம் அனுப்புவாள். இங்கே மாலை மூன்றைத் தாண்டியிருந்தது, அங்கே காலை எட்டரை கடந்திருந்தது.

"பர்வீன், உன்ன அஞ்சு வருசம் உக்கார வெச்சேன்மா. அது தப்பு. சொல்லணும்னு தோணுச்சு."

"இன்னா மிஸ் நீங்க, நானு வேணும்னே தான் அவுட் ஆவேன்" என்று சிரித்தாள். "அந்த வெயில்ல எவ ஓடுவா? மரத்தடில நம்ம தோஸ்த்துங்க ரெண்டு பேரு இருப்பாளுங்க. ஒரே பேச்சு தான். பி.டி. பீரியட்னா எனக்கு அவ்ளோ இஷ்டம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினேழு வருடத்தில் என் வகுப்பில் குழந்தைமைய முறையைக் கையாண்டவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

"ஆனா என் பொண்ணு அப்டி இல்ல மிஸ்" என்றாள் பர்வீன். "ரெண்டாவது படிக்கறா. அவுட் ஆனா அழுவுறா. பி.டி. இருக்கற நாள்ல ஸ்கூலுக்கே போவ மாட்டேன்னு ஒரே பேஜாரு. இப்பக்கூட நம்ம ஸ்கூல் கேட்டாண்ட தான் நிக்கறோம், உள்ள போவ மாட்டேங்கறா."

"அவகிட்ட போன குடு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பார்த்திராத அந்தப் பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன்: "கண்ணு, இன்னிக்கு அவுட் ஆனா உக்காராத. நொண்டுறவங்களுக்கு நான் இன்னொரு காலா இருக்கட்டுமான்னு உங்க மிஸ்ஸக் கேளு."

"திட்டமாட்டாங்களா?"

"கேட்டுப் பாரு. திட்டினா எனக்கு போன் பண்ணு."

அப்போது ஃபோனுக்குள் ஆம்பூரின் முதல் மணி அடித்தது. இங்கே கடைசி மணி அடித்தது. "போறேன் மிஸ்" என்று ஒரு சின்னக் குரல் பள்ளிக்குள் ஓடியது. "போய்ட்டா மிஸ், போய்ட்டா" என்றாள் பர்வீன். என்னைத் தாண்டி அரோஹாவும் மற்றவர்களும் கையசைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். எந்தப் பிள்ளைக்குக் கையசைப்பது என்று தெரியாமல், ஃபோன் பிடித்த கையையும் சேர்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.