முதலில் நீங்கள்

எங்கள் மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்த சமயம் அது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. திடீரென்று ரோட்டின் குறுக்கே புளியமரக் கிளை கிடக்கும், பஸ் நின்றுவிடும், கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஷட்டர்கள் சரசரவென்று இறங்கும். நான் வேலை செய்த மெடிக்கல் மட்டும் பாதி ஷட்டரில் நடக்கும். ஊரே இட ஒதுக்கீடு பற்றிப் பேசிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரருக்கு ஒரே கவலை. எங்கள் பார்சல் தியாகதுருகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"போராட்டம் நாயந்தான், நான் இல்லன்னா சொல்றேன்? கூரியர் வண்டிய இன்னாத்துக்கு நிறுத்துறானுங்க?" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பார்சலில் என்ன இருந்தது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் எனக்கே எரிச்சல் வரும். பின்பக்கத்தில் வைத்து இன்பம் அனுபவிப்பதற்கான சிலிக்கான் பொருட்கள் இரண்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஆர்டர் போட்டது நான். யோசனையும் என்னுடையதுதான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, எதுவும் தெரியாமல், எந்த ஏற்பாடும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வழியில் முயற்சி செய்திருந்தோம். இரண்டு பேருக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் "மெதுவா, மெதுவா" என்றேன். அவர் "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றார். ஆனது என்னவோ எனக்குத்தான். மூன்று நாள் மெடிக்கலில் ஸ்டூல் இருந்தும் நின்றுகொண்டே மாத்திரை எண்ணினேன். அவர் மன்னிப்புக் கேட்டார், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேச்சு போனது, பயம் போகவில்லை. அவர் கை இடுப்புக்குப் பின்னால் வந்தாலே என் உடம்பு விறைத்துக்கொள்ளும். அவருக்கும் அது தெரியும். கையை எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். பதினோரு வருடக் கல்யாணத்தில் அவரோடு எனக்கு எத்தனையோ சண்டை, அதெல்லாம் தூசு. என் உடம்பு அவரை நம்பாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். கூடவே, அன்று கெட்டுப்போன ஆசையும் உள்ளே இருந்தது. அதையும் மறைப்பானேன்?

மருந்தாளுநர் படிப்பு படித்தவள் நான். பாடப்புத்தகத்தில் இல்லாததையெல்லாம் போனில் தேடிப் படித்தேன். அந்த இடத்தில் இயற்கையான ஈரம் கிடையாது, அதனால் ஜெல்லி தாராளமாக வேண்டும். சிறியதில்தான் தொடங்க வேண்டும். பின்னால் போனதைக் கழுவாமல் முன்னால் கொண்டுவரக் கூடாது. ஆண்களுக்கு உள்ளே ஒரு சுரப்பி இருக்கிறது, அதை மெல்ல அழுத்தினால் சுகம் அதிகம். இந்தக் கடைசித் தகவலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிபந்தனையும் அங்கேயே பிறந்துவிட்டது.

"வாங்கலாம். ஆனா முதல்ல நீங்க" என்றேன்.

"நானா?"

"நீங்கதான். உங்களுக்கு ஆச்சுன்னாதான் எனக்கு."

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "வலிக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு இன்னொரு தோசை போட்டேன்.

பார்சல் மாட்டிக்கொண்ட அந்த மறியல் அன்று அவரால் பொறுக்க முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு, கரும்பு டிராக்டர் போகும் வயல் பாதையில் புகுந்து, தியாகதுருகத்துக்கே போய் வாங்கிவிட்டார். திரும்பி வரும்போது ரோட்டில் உட்கார்ந்திருந்த கும்பலிடம் மாட்டிக்கொண்டார். அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் மோட்டார் கொடுத்தவர்கள். என்ன பார்சல் என்று கேட்க, இவர் வாயில் "மோட்டார் சாமான்" என்று வந்துவிட்டது. போர் மோட்டார்க்காரர் சொல்லக் கூடாத பொய் அது ஒன்றுதான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் மோட்டார் பத்து நாளாக எங்கள் வீட்டில் பேரிங்குக்காகக் காத்துக் கிடந்தது. அந்த விவசாயி போராட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டார்.

"பிரிங்க, பாத்துட்டுப் போறேன். அங்க கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது."

"இது உங்களுது இல்லீங்க. வேற மோட்டாருக்கு."

"எந்த ஊரு மோட்டாருக்கு?"

நான் டீயைக் கொடுத்து, "எங்க வூட்டுக்குத்தாங்க. உங்க பேரிங்கு நாளைக்கு வந்துரும், நானே போன் பண்றேன்" என்றேன். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை பார்சல் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் டீப்பாயின் மேல் இருந்தது.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தோம். மகள் என் அம்மா வீட்டில் இருந்தாள். பில்லில் 'பர்சனல் மசாஜர்' என்று போட்டிருந்தான். ஒன்று சின்னக் கத்தரிக்காய் அளவு, அடியில் அகலமான தட்டு வைத்தது. இன்னொன்று வழவழவென்று ஒரே சீராக, தட்டு எதுவும் இல்லாமல். இலவசமாகச் சேர்த்து அனுப்பியது. வீட்டுக்காரர் இரண்டாவதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது, அது வேலைக்குப் போகிற முகம்.

"இது வேணாம்."

"ஏங்க?"

"மேல கிளாம்ப் இல்ல. கிளாம்ப் இல்லாம போருக்குள்ள ஒண்ண எறக்குனா அது உள்ளாறப் போயிரும். அப்புறம் யாரு எடுக்கிறது? இத்தோட பெரியாஸ்பத்திரிக்குப் போயி நிக்கணும்."

நான் போனில் தேடித் தேடிப் படித்ததை அந்த மனிதர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். தட்டு இல்லாதது அப்போதே குப்பைக்குப் போனது. தட்டு வைத்ததைச் சோப்புப் போட்டுக் கழுவி, கைப்பிடி உடைந்த பழைய பால் சட்டியில் கொதிக்கவைத்தேன். அவர் அடுப்படியில் தேங்காய் எண்ணெயைத் தேடினார். வேண்டாம் என்றேன். மேலே ஆணுறை மாட்டப் போகிறோம், எண்ணெய் பட்டால் அது கிழிந்துவிடும். நீரில் கரைகிற ஜெல்லிதான் சரி.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு தப்புச் செய்தேன். மெடிக்கலில் வேலை செய்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மரத்துப்போக வைக்கும் ஜெல்லி ஒரு டியூப் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். பெருமையாக எடுத்து நீட்டி, "இத தடவிக்கிட்டா வலியே தெரியாது" என்றேன்.

அவர் டியூபை வாங்கவில்லை.

"வலி தெரியலன்னா எப்ப நிறுத்துறதுன்னு எப்பிடித் தெரியும்? லோடு காட்டுற ஆம்பியர் மீட்டரக் கழட்டி வச்சிட்டு மோட்டார ஓட்டச் சொல்றியா? உள்ள காயில் கம்பி எரிஞ்சப்புறந்தான் தெரியும்."

சரியான பேச்சு. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு மீட்டர் வாயத் தொறந்து பேசிச்சே. மெதுவா மெதுவான்னு சொல்லிச்சே. நீங்க பாத்தீங்களா?"

அடுப்பை அணைத்தார். திரும்பி நின்றார். இரண்டு வருடம் முன்பு கேட்ட மன்னிப்பு வாயிலிருந்து மட்டும் வந்தது, இந்த முறை கண்ணிலிருந்தும் வந்தது. "பாக்கலம்மா. என் அவசரத்துல பாக்கல" என்றார். நானும் அழுதுவிட்டேன். பால் சட்டியில் அந்தச் சாமான் மிதந்துகொண்டிருந்தது. அழுகைக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு சொன்ன சொல் தவறாமல் அவர்தான் முதலில். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, ஏதோ ஆபரேஷனுக்கு வந்தவர் மாதிரி கண்ணை இறுக்கி மூடியிருந்தார். முதுகை வருடிக்கொண்டே வெகுநேரம் பேசினேன். முதலில் விரல் மட்டும், ஜெல்லியோடு. மூச்சை விடுங்கள், தானே இளகும் என்றேன். இளகியது. அவசரமே இல்லை. மறியல் நாள், எனக்குக் கடை லீவு, கரண்டும் இருந்தது. அந்தச் சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தபோது பாதியில், "நிறுத்து" என்றார். கையை அப்படியே நிறுத்தினேன். நாலைந்து மூச்சு விட்டார். "ம்" என்றார். அதன் பிறகு அவர் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன். அந்தச் சுரப்பி பற்றிப் படித்ததெல்லாம் உண்மை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். முடிந்து வெளியே எடுக்கும்போதும் அதே நிதானம்.

வெகுநேரம் கழித்து, "நீ உடனே நிறுத்திட்ட" என்றார், ஏதோ அதிசயத்தைக் கண்டவர்போல.

என் முறை பத்து நாள் கழித்துத்தான் வந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவருக்கு ஒரு மோட்டார் வேலை. நானும் கூடப் போனேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது, மழை பிடித்துக்கொண்டது, அறை எடுத்துத் தங்கிவிட்டோம். துண்டு விரித்தார், நகத்தை வெட்டிக்கொண்டார், கை கழுவினார், ஜெல்லியைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். அவர் கை என் இடுப்புக்குப் பின்னால் வந்தது. விறைத்தது உடம்பு, வழக்கம்போல. அவர் காத்திருந்தார். பேசிக்கொண்டிருந்தோம், மழையைப் பற்றி, மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி. எப்போது இளகினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வலிக்கவில்லை. உண்மையில் நன்றாக இருந்தது. வயிற்றுக்குள் ஒரு சூடு பரவி, இன்னும் வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்து, ஏனென்று தெரியாமல், "நிறுத்துங்க" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை. "இதோ ஆச்சு" என்று சொல்லவில்லை. வெளியே எடுக்கட்டுமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் காத்திருந்தார்.

"வலிக்கலீங்க. சும்மாதான் சொன்னேன்" என்றேன்.

"சும்மா சொன்னாலும் நிறுத்தணும் இல்ல?" என்றார்.