புகைபோக்கிக்காரியின் தகப்பன்

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். போன கிழமை இங்கே ஜெர்மனியில், ஹம் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் பெண்மணி என் மகள் ஆரணியின் தோளைத் தொட்டார். ஆரணிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுப்பு, பொன்னிறப் பொத்தான்கள், கன்னத்தில் கரி. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, வீட்டுக் கூரைகளில் ஏறிப் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். கரி பட்டுவிட்டதென்று அந்த அம்மா சண்டைக்கு வருகிறாராக்கும் என்று பதறி, "என்ட்ஷுல்டிகுங்!" என்று மன்னிப்புக் கேட்டபடி நான் குறுக்கே பாய்ந்தேன். அவரோ, நானும் ஆரணியைத் தொடத்தான் வருகிறேன் என்று நினைத்து, சிரித்தபடி விலகி இடம் விட்டார்!

"அப்பா, புகைபோக்கி துடைக்கிற எங்களைத் தொட்டால் அதிர்ஷ்டம் எண்டு இவை நம்புறவை" என்று ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் கரி படிந்த ஆள் வந்தால் எங்கள் வீட்டில் பின்பக்கத்தால் வரச் சொல்வார்கள். வெள்ளை வேட்டிக்காரருக்குக் கதிரை போடுவார்கள். அவர் குணம் எப்படி என்று யார் விசாரித்தது? அந்தக் கதிரையை நாங்கள் பத்திரமாக இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பான் நகரத்திலிருந்து ஒரு டொக்டர் குடும்பம் ஆரணியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் படம் அவளுக்கும் பிடித்திருந்தது. மனைவி பயத்தம் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். முதல்நாள் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, பிள்ளை என்ன படிக்கிறா?"

சொன்னேன். அவர் உடனே ஒரு வழி சொன்னார்.

"சனத்துக்கு இன்ஜினியர் எண்டு சொல்லுவம். கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலை ஏலாது. கூரையிலை ஏறித் திரியிற பிள்ளை அடக்கமா இருக்குமே?"

"பிள்ளையின்ரை குணத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே, அக்கா?"

"வேலையைச் சொன்னால் குணம் தெரியும்தானே, அண்ணை."

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப உங்கடை குணமும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு வராதேங்கோ" என்று வைத்துவிட்டேன். அப்படியொரு சந்தோஷம்!

வேலையால் வந்த ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "அவை என்னை வேண்டாம் எண்டிட்டினமோ, அப்பா?"

"இல்லை பிள்ளை. நான்தான் அவையை வேண்டாம் எண்டனான்."

ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். என் சட்டை முழுக்கக் கரி. மனைவி பணியாரத்தை எங்களுக்கே எடுத்து வைத்தாள். யன்னலால் வெளியே பார்த்தேன். இந்தத் தெருவில் என் மகள் ஏறாத கூரை இல்லை. அந்தக் கூரைகளுக்குக் கீழே என்னை 'அண்ணை' என்று கூப்பிட ஒருவரும் இல்லை. கூப்பிட்ட ஒரு வீட்டை இப்போதுதான் வரவேண்டாம் என்றிருக்கிறேன்.