மூன்றாம் முறை கேட்ட பூ

என் மனைவியின் பெயரை வைத்து நான் வருமான வரியை ஏமாற்றினேன். இதை முதலில் சொன்னால்தான், அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, வீட்டிலிருந்தபடியே கணினியில் மாணவர்களின் விடைகளைச் சரிபார்த்துக் கொடுத்தேன். பென்ஷனோடு அந்தப் பணத்தையும் காட்டினால் வரி கூடும். அதனால் அதை என் மனைவி சரஸ்வதியின் வங்கிக் கணக்குக்கு வரவழைத்தேன். வரிக் கணக்கிலும் காட்டவில்லை. வங்கிப் படிவத்தை நீட்டியபோது, "எங்கீங்க கையெழுத்து?" என்று மட்டும் கேட்டாள். நான் நீட்டிய எதையும் அவள் படித்துப் பார்த்ததே இல்லை.

மனம் உறுத்தியது. தாராபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில், இதைத் தொடரலாமா என்று பூக் கேட்டேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக அம்மன் முன் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு வந்தது. அடுத்த அமாவாசைக்குப் போய்க் கேட்டேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை வெள்ளை. அதையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் செய்த காரியம் இது.

மூன்று ஆண்டுகள் கழித்து வரித் துறையின் அறிவிப்பு வந்தது. அவள் பெயருக்கு. கோயில் அன்னதானப் பணத்தை ஊரார் நம்பிக் கொடுத்து வைப்பது அவளிடம்தான். அந்தப் பெயரில் நான் கறை பூசிவிட்டேன். ஒரு வாரம் அறிவிப்பை ஒளித்து வைத்தேன். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "தாயே, இவளுக்குத் தெரியாமலே இது தீருமென்றால் வெள்ளையைக் கொடு" என்று மனதுக்குள் அழுதேன்.

சிவப்பு.

இந்த முறை மீண்டும் கேட்கவில்லை. கோயில் வாசலிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் துணிவு என்னுடையது அல்ல.

சரஸ்வதி சொன்னாள்: "ஆத்தா மொதத் தடவையே சொல்லிப்போட்டாளுங்க. நீங்கதான் புடிச்ச பூ வர்ற வரைக்கும் கேட்டிருக்கீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே ஆடிட்டரைப் பாக்கலாம். நானும் வாரேன்."

காந்திபுரத்தில் ஆடிட்டர் முன்னாலும் என் புத்தி வழுக்கியது. "வேலையை இவளே செஞ்சதாச் சொல்லீரலாமுங்களா? வரி கொறையுமே" என்றேன்.

"ஏனுங்க, எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியைத் தொறக்கவே தெரியாதுங்க. ஆபீசர் ஒரு கணக்குப் போடச் சொன்னா வாய்ப்பாட்டையா ஒப்பிக்கறது?" என்றாள் சரஸ்வதி.

ஆடிட்டர் சிரித்துவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் கோபத்தில் என்னைக் கைவிட்டிருக்கலாம். என் பொய்க்கு ஒத்துப்போய்த் தப்பித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். காரை விற்று, வரியும் வட்டியும் அபராதமும் என் பெயரிலேயே கட்டினேன். துறை ஏற்றுக்கொண்டது. அவள் பெயர் விடுபட்டது. மறைத்துக் காப்பாற்று என்று கேட்டவனை, அம்மன் வெளியே கொண்டுவந்து காப்பாற்றினாள்.

அன்பர்களே, அம்மனிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் ஒரே முறை கேளுங்கள். எந்தப் பூ வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள்.

அந்த வேலையை இன்றும் செய்கிறேன். பணம் என் கணக்குக்கே வருகிறது, வரியும் கட்டுகிறேன். சரஸ்வதி இப்போது எந்தக் காகிதத்தையும் கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறாள். அதுவரை பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன்.