நடுவழியில் நிற்காத வண்டி

“இதுல என்ன எழுதியிருக்குன்னு படி,” என்று சித்தப்பா ஏசி கேஸ் டப்பாவை என்னிடம் நீட்டினார். வாசலில் வேனின் பானெட் திறந்திருந்தது. மணி பத்துதான். அதற்குள் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

டப்பாவில் ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது. பொடி எழுத்து. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“டப்பாவை நேரா பிடிக்கணும். தடிச்ச குழாய்ல இருக்கற வாய்லதான் மாட்டணும்.”

“அது எனக்குத் தெரியாதா? மேல படி.”

“கம்ப்ரஸர் விட்டு விட்டு நின்னா கேஸ் ஏத்தக் கூடாது. என்ன காரணம்னு முதல்ல பார்க்கணும்.”

“விட்டு விட்டுத்தான் ஓடுது. காரணமும் தெரியும். ப்ரெஷர் ஸ்விட்ச் போயிடுச்சு.”

“அந்த ஸ்விட்ச் எதுக்கு சித்தப்பா?”

“குழாய்க்குள்ள அழுத்தம் ஏறினா கம்ப்ரஸரை நிறுத்தறதுக்கு.”

“அப்ப நிஜமாவே அழுத்தம் ஏறியிருந்தா?”

“இத பாரு பாப்பா. ஒவ்வொரு வண்டியிலயும் இந்த ஸ்விட்ச் மாதிரி பயந்தாங்கொள்ளிங்க நாலஞ்சு பேர் உண்டு. எதைக் கண்டாலும் நிறுத்து, நிறுத்தும்பானுங்க. அவனுங்க பேச்சைக் கேட்டா டிப்போ வாசலைத் தாண்ட முடியாது.”

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது. “ஏங்க, மெக்கானிக்கிட்ட விட்டாத்தான் என்ன?”

“எட்டு நாள் கழிச்சு வான்னு சொல்றான். வெயில் காலமாம், வரிசையில நிக்குதாம். நீ எட்டு நாள் பொறுத்துப்பியா?”

“நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன். நீங்கதான் விடாம கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றீங்க.”

சித்தப்பா சிரித்தார். ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, முனைகளைப் பல்லால் உரித்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார். அதன்பின் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. நான் டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குக் ‘கட்டுக்கம்பி’ என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் கம்பி இருக்கும். டீசல் குழாய் கிழிந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவார். ரேடியேட்டர் ஒழுகினால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கண்டக்டரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் கியர் கம்பி கையோடு வந்துவிட, ஸ்பேனரைச் செருகி அதையே பிடித்து மாற்றிக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோனாராம். பயணிகளை ஒருமுறைகூட நடுவழியில் இறக்கிவிட்டதில்லை என்று அவர் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேசியதில்லை. அது உண்மைதான்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் சித்திக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அதற்காகவே இந்தப் பழைய வேனை வாங்கி, பின்னால் ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். அவர்களுக்குக் கிடைத்தது மதியம் ஒரு மணி முறை. உச்சி வெயிலில்தான் கிளம்ப வேண்டும்.

முந்தைய முறை பாதி வழியில் வண்டி நெரிசலில் நின்றபோது ஏசி அனலாக ஊதத் தொடங்கியது. சித்தி வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். சிகிச்சை தவறியது. டாக்டர் போனில் கடிந்துகொண்டார். “இன்னொரு தடவை விட்டீங்கன்னா இதயம் தாங்காது. எப்படியாவது கொண்டு வந்து சேர்த்துடுங்க.” அந்த இன்னொரு தடவைதான் அன்றைய மதியம்.

ஒயரை முறுக்கியபின், ஏசியின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க வலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவினார். அந்த ஈரத்தோடு இரண்டு டப்பா கேஸை ஏற்றினார். உள்ளே குளிர்ந்த காற்று வந்தது. சித்தியைப் படுக்க வைத்தபோது, “போர்வை வேணுமா மகாராணி?” என்று கேட்டார். “முதல்ல ரோட்டைப் பாருங்க,” என்றாள் அவள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்தைந்து கிலோமீட்டர் நன்றாகப் போனது. சித்தி தூங்கக்கூடச் செய்தாள். பிறகு சாலையில் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. நாங்களும் நின்றோம். ஐந்து நிமிடத்தில் காற்றின் குளிர்ச்சி குறைந்தது. பத்தாவது நிமிடம் ரப்பர் கருகும் வாடை வந்தது. முன்னால் ஏதோ கிறீச்சிட்டது. அடுத்து, சாட்டையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். கம்ப்ரஸரைச் சுற்றும் பெல்ட் அறுந்துவிட்டது. இன்ஜினுக்குத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடியது. சூட்டு முள் சிவப்புக்கு ஏறியதும் சித்தப்பா இன்ஜினை அணைத்தார்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். “சாவியை ஒரு திருப்பு திருப்பி ஏசி பட்டனை அமுக்கு,” என்றார். அமுக்கினேன். வலைக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சுற்றவில்லை. விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“ஃபேன் செத்துக் கிடக்கு,” என்றார்.

கேஸ் குறைந்திருக்கவே இல்லை. ஓடும்போது எதிர்காற்றும், காலையில் ஊற்றிய தண்ணீரும் அந்த விசிறியின் வேலையைச் செய்து எங்களை ஏமாற்றியிருந்தன. நின்ற இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் இறுகிவிட்டது. காலையில் அந்த ஸ்விட்ச் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அவர் கறுப்பு டேப்பைப் பிரித்து, முறுக்கிய ஒயர்களைப் பார்த்தார். நான் பார்ப்பதை அவரும் கவனித்தார்.

லாரிக்காரர்கள் இரண்டு பேர் சித்தியைத் தூக்கி வந்து லாரி நிழலில் கிடத்தினார்கள். அங்கேயும் தரை கொதித்தது. துண்டை நனைத்து நனைத்துப் போட்டோம். ஆம்புலன்ஸால் அந்த வரிசைக்குள் வர முடியவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து வழி திறந்ததும், பின்னால் நின்ற ஒரு கார்க்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். சித்தப்பா வேனைப் பூட்டக்கூட இல்லை. மருத்துவமனையில் ஊசியைச் செருகுவதற்குள் சித்தியின் இதயம் நின்றுவிட்டது.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். “வெயில் கொண்டுபோயிடுச்சு,” என்றார்கள். “பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிட்டாரு,” என்று என் அப்பாவிடம் ஒருவர் சொன்னார். அவருடைய மகள், எனக்கு அக்கா, வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறியிருந்தாள். மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து அவளை அழைத்துவர என்னை டாக்ஸியில் அனுப்புவதாக ஏற்பாடு.

சித்தப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கையிலிருந்த கிரீஸ் இன்னும் போகவில்லை.

“நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வர நீதானே போற?”

“ஆமா சித்தப்பா.”

“வர்ற வழியிலயே எல்லாத்தையும் சொல்லிடு. ஃபேன், ஸ்விட்ச், நீ படிச்சுக் காட்டினது, நான் கேக்காதது.”

“நீங்களே சொல்லலாமே.”

“வீட்டுக்குள்ள வந்து என் மூஞ்சியைப் பார்த்தா அவ அழுதுடுவா. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அவ காதுல வாங்க மாட்டா. ‘விடுங்கப்பா’ம்பா. அவ என்மேல கோபப்படணும் பாப்பா. அதுக்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேணும்.” குழாயைத் திறந்தார், கையைக் கழுவாமலே மூடினார். “டாக்ஸிக்காரனை மெதுவா ஓட்டச் சொல்லு.”