கெளுத்தி முள்ளும் அவர் சிரிப்பும்

கல்யாணமான புதிதில் கணவர் தொட்டாலே என் உடம்பு விறைத்துவிடும். அவரும் விலகிப் படுத்துக்கொள்வார். ஆனால் பழவேற்காடு ஏரிச் சேற்றில் கையால் இறால் பிடிக்கும்போது மட்டும் தன் அண்ணியோடு வாய்விட்டுச் சிரிப்பார். கரையில் நிற்கும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அவங்க கூட மட்டும் இன்னா சிரிப்பு?"

"அவங்ககிட்ட எனக்கு பயமில்ல. உன்னத் தொடத்தான் பயமா இருக்குது."

"உங்களுக்கா?"

"சேத்துல கெளுத்தி மீனு முள்ளு குத்துமோனு தெனம் பயந்துதான் கைய வுடுறேன். பயம் இருந்தா மெதுவா போணும், அவ்ளோதான். நாமளும் மெதுவா போலாம்."

"அப்ப நான் கெளுத்தியா?"

அவர் சிரித்தார். நான் பொறாமைப்பட்ட அதே சிரிப்பு.

என் பயம் அன்றே போய்விடவில்லை. ஆனாலும் அன்று முதலில் கையை நீட்டியவள் நான்தான்.